நீலத்தொட்டி வழக்கில் கைபேசி நிரபராதி என நிறுவும் ஆய்வு

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் அதைப் படம் எடுக்கும்போதெல்லாம் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். நேரில் பச்சையும் ஆரஞ்சுமாகச் சுடர்விடுவது, படத்தில் சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி வருகிறது. ஆகவே கைபேசி மட்டம், புதிது வாங்க வேண்டும். இவ்வாய்வின் துணிபு இதற்கு நேர் எதிரானது. அந்த அறையில் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே சாட்சி கைபேசிதான். பொய் சொல்வது கண். அதைச் சொல்லவைத்தவர் தொட்டிக்காரர்.

சான்றுகளைப் பார்ப்போம். தொட்டி விளக்கின் ஒளியில் பெரும்பங்கு 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீலம். கேமராவின் உணரியிலோ நான்கு கட்டங்களில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. இந்த ஒளியில் நீலக்கட்டம் நிரம்பி வழிகிறது, சிவப்புக்கட்டம் பட்டினி கிடக்கிறது. கண்ணுக்கு இந்த நேர்மை கிடையாது. சில நிமிடங்களில் நீலத்துக்குப் பழகி, அதைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்குக் காட்டும். அந்த மீதியும் லேசுப்பட்டதல்ல. பவளத்தின் புரதங்கள் நீல ஒளியை விழுங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் உமிழ்கின்றன. 1999-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இத்தகைய சிவப்புப் புரதமொன்றை மாஸ்கோ மீன்தொட்டியில் வளர்ந்த உயிரியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இன்று அது உயிரணுக்களுக்கு அடையாளமிடப் பயன்படுகிறது. மீன்தொட்டியை வெறித்துக்கொண்டிருப்பது வெட்டிவேலை என்று சொல்லும் வீட்டாருக்கு இதை எடுத்துக்காட்டலாம், பலன் உறுதியில்லை.

கடலே நீலம்தானே, அதைத்தானே தொட்டியில் கொண்டுவந்தோம் என்பர் சிலர். கடல் நீலமாவது, பல மீட்டர் நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால். இரண்டடித் தொட்டியின் நீர் அப்படி எதையும் உறிஞ்சிவிடாது. இங்கே நீலம் மின்கட்டணத்தில் வருகிறது. 1926-இல் ஃபுளோரிடாவின் டிரை டார்டுகாஸ் தீவுகளருகே லாங்லியும் மார்ட்டினும் கடலடியை முதன்முதலாக வண்ணத்தில் எடுத்தபோது, மிதவையில் மெக்னீசியத் தூளைக் கொளுத்தி நீலக் கடலுக்குள் வெள்ளை வெளிச்சம் இறக்கினார்கள். நம்மவர் வெள்ளை வெளிச்சமுள்ள கூடத்தில் காசு கொடுத்து நீலத்தை இறக்குகிறார். பிறகு அதை நீக்க ஆரஞ்சு வடிகட்டியும் வாங்குகிறார். வடிகட்டி வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நீலத்தைத் தடுத்து உமிழ்வை மட்டும் விடுவதால், கண் பார்த்ததும் கிடைக்காது, தொட்டியில் இருப்பதும் கிடைக்காது.

கேமராவையே தண்ணீருக்குள் இறக்கினால் என்ன என்பது அடுத்த வாதம். கண்ணாடிவழி சாய்வாக எடுப்பதால் வரும் கோணலும் கலங்கலும் போகும், அவ்வளவே. விளக்கு அதே விளக்கு. கைபேசிகளின் நீர்த்தாங்குதிறனைச் சோதிப்பதும் நன்னீரில்தான், உப்புநீரில் அல்ல. போதாக்குறைக்கு, முழங்கைவரை கை இறங்கினால் தரை நனையும். விரல் பட்டால் டார்ச் என்னும் பவளவகை தன் உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொள்ளும். அது மனமிரங்கி விரியும்வரை படமெடுக்க எஞ்சுவது சுண்ணாம்பு எலும்புக்கூடும் எடுப்பவரின் கட்டைவிரலும்.

படமெடுக்கும் நேரம் மட்டும் வெள்ளை விளக்கைப் போட்டு, பம்பை நிறுத்தி, கண்ணாடிக்கு நேராக நின்றால் கைபேசி ஒழுங்காகவே எடுக்கும். ஆனால் பல பவளங்கள் அப்போது பழுப்பாகத் தெரியும். உள்ளே குடியிருந்து அவற்றுக்குச் சோறுபோடும் நுண்பாசியின் நிறம் அது. நான் வாங்கியது இதுவல்ல என்று தொட்டிக்காரர் கொதிப்பார். வாங்கியது இதுவேதான், கடைக்காரர் காட்டியது நீல விளக்கின்கீழ். அந்த விளக்குக்குத் தனி பில்.