முறுக்கிவிட்டா மட்டும் போதாது, பேராண்டி

அமெரிக்காவுல ஒரு வீட்டுக்குக் கடன் கட்டுறது பத்தாதுன்னு, சக்கரம் வச்ச வீடு ஒண்ணும் வாங்கிட்டியாமே. ஆர்வீன்னு பேராம். உங்கப்பன் போன்ல காட்டினான். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கு. மாடு கட்டத்தான் எடமில்ல.

இப்ப உனக்கும் உம் பொண்டாட்டிக்கும் அதுல இருக்குற வெந்நீர் ஹீட்டரை அணைக்க மறக்குற சீக்கு வந்துருச்சாம். தெர்மோஸ்டாட் இருக்குல்லன்னு கேப்ப. அது தண்ணி கொதிக்காமப் பாத்துக்கும், அவ்வளவுதான். ஆற ஆற மறுபடி சுட வச்சு, நீ மலை ஏறப் போன நேரத்துல யாருமில்லாத வண்டிக்கு வெந்நீர் போட்டுக்கிட்டிருக்கும். அதனால கையால முறுக்குற டைமரை மாட்டு. ஒருத்தர ஒருத்தர் குத்தஞ் சொல்லிச் சண்டை போடுறதவிட சல்லிசு.

ஹீட்டர் மேல ஒட்டின சீட்டை உங்கப்பன் வாசிச்சுக் காட்டினான். 6 கேலன் தொட்டி, 120 வோல்ட்டு, 1440 வாட்டு. அதாவது 23 லிட்டர்ல குளிக்கிறியாம். நம்ம பம்புசெட்டுல அரை நாளா நின்ன எருமை நீதானேடா! இந்த ஹீட்டர் 12 ஆம்பியர் இழுக்கும். நீ வண்டி நிறுத்துற எடத்துல குடுக்குறது 30 ஆம்பியர்னா, ஏசியும் ஓடி, மைக்ரோவேவும் சுத்துனா பிரேக்கர் விழும். தொட்டி நல்லா சுட முக்கால் மணி நேரத்துக்கு மேலயே ஆகும். அரைமணி டைமர் ஆகாது, ஒருமணி டைமர் வாங்கு. 'ஹோல்டு'ன்னு போட்டது வேணாம். முள்ளை அதுல வச்சா நிக்கவே நிக்காது. உன் மறதிக்குத் தோதான சாமான் அது.

நம்மூர்ப் பழைய வயரிங்ல சிவப்புல கரண்டு, கருப்பு நியூட்ரல். அங்க கருப்புலதான் கரண்டு, வெள்ளை நியூட்ரல். இங்க பழகின கையோட அங்க தொட்டுராத. பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஹீட்டருக்குப் போற கருப்பு வயரை வெட்டி நடுவுல டைமரைக் கோத்துரு. 20 ஆம்பியர் தாங்குறதா இருக்கணும். உன் ஹீட்டர் காஸ்லயும் எரியுறதா இருந்தா, அந்தப் பக்கம் போறது 12 வோல்ட் டிசி. ஏசி கரண்டுக்குன்னு எழுதின டைமரை அங்க கொண்டு போகாத.

இனிமேத்தான் விசயமே. டைமர் நேரத்தைத்தான் எண்ணும், தொட்டியில தண்ணி இருக்கான்னு எட்டிப் பாக்காது. காஞ்ச தொட்டியில போட்டா ஒருமணி என்ன, ஒண்ணு ரெண்டு நிமிசத்துலயே காயில் கருகிரும். வத்தின கிணத்துல மோட்டார ஓட்டினவன் மகன்ல நீ, அதான் சொல்றேன்.

பனிக்காலத்துக்காகத் தொட்டியை வடிச்சு வச்சிருப்ப. அது முடிஞ்சு வண்டியை வெளிய எடுக்கையில வெந்நீர்க் குழாயைத் திற. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வந்து பொறவுதான் தண்ணி வரணும். எடுத்ததுமே தண்ணி கொட்டுச்சுன்னா சந்தோசப்படாத, தொட்டிக்குள்ள விடாம தண்ணியை வேற வழியா அனுப்புற பைபாஸ் வால்வைத் திருப்பாம விட்டுருப்ப. தொட்டி காலியாத்தான் கெடக்கும். வால்வைத் திருப்பு. காத்தெல்லாம் போயி தண்ணி சீரா விழுந்தப்பறம் டைமரை முறுக்கு. வெந்நி ஆனதும் மொதல்ல அவளைக் குளிக்கச் சொல்லு, மிச்சமிருந்தா நீ குளி.