ஆறு குதிரை குறைவு

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்றால் மட்டக்களப்பில் ஒருவரும் நம்புவதில்லை. வந்து பார்த்தவர்கள் இன்னும் மோசம். கொட்டிலுக்குள் நிற்பது மொறிஸ் மைனர். முதுகு கூன் விழுந்த, வட்டக் கண் விளக்குப் போட்ட, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கென்றே செய்தது போன்ற கார். ஆனால் என்னிடம் ஆதாரம் உண்டு. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்துக்காரர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை மொனாக்கோவில் வைத்து வெளியிட்டார்கள். அதன் எஞ்சின் 948 சிசி. என் மைனரில் கிடப்பதும் அதே 948 சிசி எஞ்சின். ஸ்டியரிங் பல்சட்டத்தையும் மைனரிலிருந்தே எடுத்துப் பூட்டினார்கள். மூன்று வருடம் கழித்து வந்த எம்.ஜி. மிட்ஜெட்டும் இதே குடிதான். ஸ்பிரைட்டுக்கு 43 குதிரைவலு, மைனருக்கு 37. ஆகவே எனக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இடையில் குறைவது ஆறே ஆறு குதிரை.

இதைக் கடுதாசியில் கணக்குப் போட்டு வீட்டில் விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆர் இல்லெண்ட? தள்ளுற ஆக்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ்."

அவள் அப்படிப் பேசலாம். மட்டக்களப்பு வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேருகிறான். வீடு, வளவு, கிணறு, தென்னை எல்லாம் மகளுக்கு. நான் கல்லடிக்கு மாப்பிள்ளையாக வந்தபோது கொட்டிலுக்குள் நின்ற காரும் அந்தக் கணக்கில் அடங்கியது. எனக்கென்று உரித்தானது ஸ்பானர் பெட்டி மட்டும். எனவே காரைப் பற்றி நான் எடுக்கும் முடிவெல்லாம் இந்த வீட்டில் ஆலோசனை என்ற அளவிலேயே ஏற்கப்படும்.

கார் 1957ஆம் ஆண்டு மொடல். படுவான்கரையில் படிப்பித்துக்கொண்டிருந்த மாமனார் அறுபதுகளில் கைமாறி வாங்கினார். கார் பிறந்த 1957இல்தான் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ ஏறியது. 1958இல் தமிழரசுக் கட்சிக்காரர் ஊரூராக அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். எங்கள் தகட்டிலும் சரியாக அந்த எழுத்தின் மேல் ஒரு கறை இருக்கிறது. அது வரலாறா துருவா என்று நான் சுரண்டிப் பார்க்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் சுரண்டினால் பிரச்சினை.

1970க்கும் 1977க்கும் இடையில் நாடு இறக்குமதிக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. இலங்கை மெக்கானிக்மார் விஞ்ஞானிகளானது அந்த ஏழு வருடத்தில்தான். லொறி டயரை வெட்டி புஷ் செய்தார்கள். ஒரு சாமான் வேண்டுமென்று போனால் "இல்லை" என்று சொல்லமாட்டார்களாம். அது பார்வைக்கு எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்களாம். அதற்குப் பிறகு யுத்தம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்ட தொண்ணூறுகளில் இந்தக் கார்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைச் சொட்டி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வித்தை. அந்தக் காலத்து எஞ்சின் காற்றை அவ்வளவாக நெருக்குவதில்லை. கொடுத்ததைத் தின்று ஓடும். இன்றைய ஜப்பான் காருக்கு அதைக் காட்டினாலே செக் எஞ்சின் விளக்கு எரியும்.

மாமனார் காலமானபின் கார் கொட்டிலுக்குள் போனது. கோழிகள் உள்ளே போயின. மொறிஸ் கம்பெனியின் முதலாளி நஃபீல்ட் பிரபு முதன்முதலில் இந்தக் காரைப் பார்த்துவிட்டு, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுழித்தாராம். எங்கள் கொட்டிலில் அது அவிக்காத முட்டையாக, பின் சீற்றில், நாள் தவறாமல் கிடைத்தது. அந்த முட்டைக் கார்தான் பிறகு பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது. பிரபுமாருக்குத் தெரியாதவை பல.

இப்படியே போயிருக்கும், 2022 வராவிட்டால். நாட்டில் டொலர் தீர்ந்து, பெற்றோல் வரிசை ஊருக்கு வெளியே நீண்டு, யூலையில் கியூஆர் அட்டை வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து, காருக்கு இருபது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட மாமி எழும்பி வந்து கொட்டிலை எட்டிப் பார்த்தார். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி வருடக்கணக்காக நச்சரித்தவர்.

"மனே, எங்கட கார் நிக்கிதில்லியா?"

எங்கட கார்! அட்டைக்குப் பதிய சேசிஸ் இலக்கம் வேண்டும். அது போனட்டுக்குள் ஒரு சின்னத் தகட்டில், கோழி எச்சத்துக்கும் துருவுக்கும் கீழே இருந்தது. மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷுமாக நான் தொல்பொருள் திணைக்களத்தார் போலக் குனிந்திருந்தேன். இலக்கம் கிடைத்தது. அட்டையும் கிடைத்தது. இனி ஒன்றுதான் பாக்கி, கார் எண்ணெய்ச் செற் வரைக்கும் ஓட வேண்டும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலக் காரை வீட்டில் வைத்துத் திருத்துவது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இங்கிலாந்தின் ஈரத்தைக் குறை சொல்வார்கள். அவர்கள் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு மாரி காலம் இருந்து பார்த்ததில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான உவர் நீர், நடுவில் வெற்றிலை அகலத்துக்கு எங்கள் எழுவான்கரை. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். தண்ணீரில் உப்புச் சேர்ந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தி, வேலையை இரட்டை வேகத்தில் முடித்துவிடும். போதாததற்கு மீன் லொறிகள் ஐஸ் தண்ணீரை வீதி முழுக்க ஒழுகவிட்டுப் போகின்றன. நாங்கள் பகலில் திருத்துவோம், உப்பு இரவில் திருத்தும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் எனக்கு ஓரளவு முன்னிலை கிடைக்கும். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் ஸ்மிர்னா என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். கடற்காற்றில் வளர்ந்த மனிதன் ஒரு வார்த்தை யோசித்திருக்கலாம்.

அவர் யோசித்தது அகலத்தைப் பற்றி. கார் முழுதாகத் தயாரான பிறகு, ஒடுக்கமாக இருக்கிறது என்று தோன்றி, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினாராம். போனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த நாலு அங்குலந்தான். இதை நான் காத்தான்குடியிலிருந்து வந்த டிங்கரிங் காக்காவிடம் சொன்னேன். அவர் கீழே படுத்திருந்தபடியே பதில் சொன்னார்.

"அவர் வெட்டின இடம் பரவால்ல தம்பி. உப்பு வெட்டின இடத்தப் பாருங்க."

தரைத் தகட்டில் விரலை வைத்தால் விரல் மண்ணைத் தொட்டது. இந்த இடத்தில் கொட்டிலுக்குள் இரண்டு கட்சி உருவானது. ஒரு கட்சி காக்கா. மற்றக் கட்சி நாவலடிப் பக்கத்துத் தம்பி ஒருவன், ஃபைபர் தோணி செய்கிறவன். 2004 சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் தோணி கொடுத்தபோது தொழில் பழகியவன். அவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டைதான்.

"ரெண்டு மேட் போட்டு ரெசின் அடிச்சா முடிஞ்சிது அண்ணன். கடலுக்கே தாங்குது, ரோட்டுக்குத் தாங்காதா?"

"இது தோணி இல்ல மனே," என்றார் காக்கா. "இதுக்கு அடியில வேற சட்டம் இல்ல. இந்தத் தகடுதான் முள்ளந்தண்டு. நீ ஒட்டிப்போட்டுப் போவா, பாலத்தில ஏறக்குள்ள கதவு ரெண்டும் துறக்கும்."

காக்கா சொன்னது சரி. லொறிக்கு இருப்பதுபோல மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பாளமும் சீற்றுக்குக் கீழ் குறுக்கே போகும் பாளமுந்தான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அவை போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். கடைசியில் தேத்தண்ணியோடு உடன்படிக்கை ஆனது. முள்ளந்தண்டு முழுவதும் உருக்குத் தகடு, காக்காவுக்கு. டிக்கிக்குள் மேலதிகச் சில்லு கிடக்கும் தட்டு மட்டும் ஃபைபர், தம்பிக்கு. 2011 சனவரியில் வந்த மாதிரி வெள்ளம் இனியொருமுறை வந்தால் டிக்கியாவது மிதக்கும் என்பது அவன் உத்தரவாதம்.

முன் மட்காட் ஒன்றும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் பாத் நகரில் மைனர் திருத்துவதற்கென்றே நிலையம் வைத்திருந்த சார்ல்ஸ் வேர் என்பவர், தொண்ணூறுகளில் இலங்கையில் ஒரு கூட்டுத் தொழில் தொடங்கி, மைனருக்கான உடல் தகடுகளை இங்கே அடிப்பித்து அங்கே இறக்கினார். எழுபதுகளில் சாமானில்லாமல் நாங்கள் பழகிய கைவேலையை வெள்ளைக்காரன் பவுண் கொடுத்து வாங்கியிருக்கிறான். எனக்கு மட்காட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அகப்பட்டது. சீமைச் சாமான் என்று சத்தியம் செய்து விலை சொன்னார்கள். உள்பக்கம் சுத்தியல் தடம் இருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன், நல்ல தடம்.

ஸ்பானர் கதை சுருக்கமானது. ஊரில் எல்லாரிடமும் இருப்பது மில்லிமீற்றர் ஸ்பானர். கார் அங்குலத்தில் பிறந்தது. அரை அங்குல நட்டுக்குப் பன்னிரண்டு போகாது, பதின்மூன்று போய்த் தலையை உருண்டையாக்கிவிட்டு வரும். என் ஸ்பானர் பெட்டிக்கு அக்கம்பக்கத்தில் மரியாதை குறைவென்றால் அதன் காரணம் இதுதான்: அது வேறு ஒருவருக்கும் உதவாது.

மின்சாரத்துக்கு வந்தால், இந்தக் காரில் பற்றரியின் பிளஸ் முனைதான் உடம்போடு பூட்டப்பட்டிருக்கிறது. உலகம் இன்று செய்வதற்கு நேர்மாறு. போன் சார்ஜர் பூட்ட வந்த பையன் வயரைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, "அண்ணன், இது என்ன வேதக்காரக் காரா, எல்லாம் தலைகீழ்?" என்று கேட்டான். எந்த வேதம் என்று நான் கேட்கவில்லை. சார்ஜரும் பூட்டவில்லை.

திரும்பும்போது சிமிட்டும் விளக்கும் இதில் இல்லை. கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு செம்மஞ்சள் கை வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஐம்பதுகளில் அது நாகரிகம். காத்தான்குடிப் பிரதான வீதியில் நான் வலப்பக்கம் திரும்பக் கையை நீட்டினேன். பக்கத்தில் வந்த ஓட்டோக்காரர் பதறிப்போய் ஹோர்ன் அடித்தார்.

"அண்ணன், என்னமோ கழண்டு தொங்குது!"

சொன்னதோடு விட்டாரா? எட்டி அதை அன்பாக உள்ளே மடித்துத் தள்ளியும் விட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு நேரே போனேன். எங்கள் ஊரில் இந்தக் காரில் போகிறவன் திரும்ப நினைத்த இடத்தில் திரும்ப முடியாதது காரின் குற்றமல்ல, ஊரின் நல்ல மனம்.

பெற்றோல் பம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாவியைத் திருகியதும் டிக் டிக் என்று அடிக்கும். அடித்தால் உயிர் இருக்கிறது. அடிக்காவிட்டால் போனட்டைத் திறந்து ஸ்பானரால் அதன் மண்டையில் ஒரு தட்டு. அதற்குள்ளிருக்கும் மின்தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதற்கு உலகம் முழுக்க இதுதான் வைத்தியம். லண்டனிலும் தட்டுகிறார்கள், சிட்னியிலும் தட்டுகிறார்கள். ஒரு பறுவத்திரவு கல்லடிப் பாலத்தடியில் வாவியில் பாடும் மீனின் சத்தம் கேட்க வந்த கொழும்புக் குடும்பமொன்று என் காருக்குப் பக்கத்தில் மூச்சடக்கி நின்றது. மகள் போனை நீட்டிப் பதிவும் செய்தாள். நான் சாவியை அணைக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர்கள்.

வேலை முடிந்து கார் தானாக ஓடத் தொடங்கிய நேரம் பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. 2023இல் கியூஆர் முறையையே நிறுத்திவிட்டார்கள். மாமியின் இருபது லீற்றர் கனவாகப் போனது. அவர் அன்று முதல் மறுபடியும் "உன்ட கார்" என்று சொல்லத் தொடங்கினார்.

ஆனாலும் ஸ்போர்ட்ஸ் காரென்றால் மலையேற்றிப் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. எங்களுக்கு மலைக்கு எங்கே போக? மட்டக்களப்பு நகரத்தில் கார் ஏறக்கூடிய உயரமான இடம் 2013இல் திறந்த கல்லடிப் புதுப்பாலந்தான். காக்கா முன்னுக்கு, தோணித் தம்பி பின்னுக்கு, அவன் மடியில் கருவியெல்லாம். மூன்றாம் கியரில் ஏறினோம். பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தில் சைக்கிளில் போன மனிதர் எங்களோடு சமமாக வந்தார். உச்சியில் அவர் கொஞ்சம் பின்தங்கினார் என்பதை இரண்டு கட்சியும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. கதவு இரண்டும் துறக்கவில்லை.

பாலத்தில் எங்களைப் பார்த்த ஒருவர் இப்போது மகளின் கலியாணத்துக்குக் காரைக் கேட்டிருக்கிறார். பழைய கார் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுப்பாக இருக்குமாம். பேச்சுவார்த்தை மனைவியோடு நடக்கிறது. வாடகை அவளுக்கு, வளவைச் சேர்ந்த சாமான் என்பதால். செம்மஞ்சள் கையில் பூமாலை கட்டக்கூடாது, பின்னால் கயிறோடு ஒரு ஓட்டோ வரவேண்டும் என்ற இரண்டும் என் ஆலோசனை, ஏற்றுக்கொண்டார்கள். சாரதிக்கு ஒரு பட்டு வேட்டி தருவதாகச் சொல்கிறார்கள். கிரீஸ் பட்டாலும் தெரியாத நிறத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கலியாண வீட்டுக்குக் கறுப்பு வேட்டியோடு போவதென்றால் அந்தப் பக்கமாகவே போய்விடு என்று மாமி சொல்லியிருக்கிறார்.