கைப்பிடி அரிசியும் கொடைக்கானல் முகாமும்

தாத்தா தேரிக்காட்டுச் சபைகளில் உபதேசியார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா, சாவு வீட்டில் ஜெபம், எல்லாம் அவர்தான். செம்மணலில் அவர் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். சம்பளமோ பனையை நம்பி இருந்தது. பதநீர் இறங்கும் மாதங்களில் காணிக்கைத் தட்டு கனக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊரே அரைவயிறு, உபதேசியார் மட்டும் எப்படி முழுவயிறு?

அவரை யாரும் உட்காரவைத்து ஊக்குவித்ததில்லை. ‘பொறுமையாயிருங்கள்’ என்று மேலிடத்துக் கடிதம் வந்தால் ஆச்சி அதில் கருப்பட்டி பொதிந்து வைப்பாள். ஆனால் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். புழுங்கல், பச்சை, குருணை எல்லாம் ஒரே பையில். பாதி குழையும், பாதி வேகாது. ஆச்சி முனகுவாள். ஆனாலும் உபதேசியார் வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. (அதே ஊர் கோவிலில் முன்வரிசைக்காகவும் அடித்துக்கொண்டது. பொற்காலம் என்று யாரும் ஏமாற வேண்டாம்.)

இப்போது தம்பி மகன் குருவானவர். சம்பளம் ஒன்றாம் தேதி வங்கியில் விழுகிறது. காணிக்கைக்கு கியூஆர் கோடு. கொடைக்கானலில் ஊழியர் ஊக்குவிப்பு முகாம் என்றான், துணைக்குப் போனேன். ஃபிளெக்ஸில் ‘பாடுகளில் நிலைத்திருத்தல்’. காலை உணவே ஏழெட்டு வகை, நிலைத்திருக்கச் சிரமமில்லை.

பேச வந்தவர் இன்னோவாவில் இறங்கி, திரையில் மாட்டுவண்டி காட்டினார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், அப்படியிருந்தும் தெலுங்குக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் போனாராம். உண்மைதான். எல்லாரும் கைதட்டினார்கள்.

தம்பி மகன் தட்டவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சேகரக் கமிட்டியில் இரண்டு கோஷ்டி. ஒன்று கோர்ட்டுக்குப் போய்விட்டது. எதிர்மனுதாரர்களில் இவனும் ஒருவன். கலெக்‌ஷன் கணக்கு, கல்லறைத் தோட்டச் சுவர் என்று வாட்ஸ்அப்பில் விடிய விடிய யுத்தம். குருமனைக்கு வருகிறவர்கள் வேவு பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரு டம்ளர் காப்பி குடிக்கக்கூட யாரும் உட்காருவதில்லை. தாத்தாவுக்கு அரிசிதான் இல்லை. இவனுக்கு ஆளே இல்லை.

கேள்வி நேரத்தில் எழுந்தான். “வர்ற ஞாயித்துக்கிழமை நற்கருணை ஆராதனை, ஐயா. கேஸ் போட்டவரும் கேஸ்ல மாட்டினவரும் ஒரே வரிசைல முழங்கால் போடுவாங்க. நான் என்ன செய்ய?”

“அருமையான கேள்வி தம்பி. டீக்குப் பிறகு பார்ப்போம்.”

டீக்குப் பிறகு குரூப் போட்டோ எடுத்தார்கள்.