தேர் எப்போது நிலைக்கு வரும்?

சிட்னி,
ஆடி மாதம் (இங்கே நடுங்குகிற குளிர்காலம்)

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. அத்தை கால்வலி தேவலையா?

போனில் "இன்டர்வியூ என்னாச்சு மாப்ளே" என்று கேட்டீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் நின்றதால் மழுப்பிவிட்டேன். கடிதத்தில் எழுதினால் அவள் குறுக்கே பேச முடியாதல்லவா?

முதலில் வேலையைச் சொல்கிறேன். "பிளானிங்குன்னா முகூர்த்தக்கால் நடுறதுல இருந்து பந்தி விசாரிக்கிற வரைக்குமா?" என்றீர்களே, ஏறக்குறைய அதுதான். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது வேறு ஆட்கள். எப்போது முடிப்பீர்கள் என்று அவர்களைக் கேட்டு, அதை முதலாளியிடம் சொல்லி, இரண்டு பக்கமும் வசவு வாங்கிக்கொள்வது என் பாடு. ராஜபாளையத்து மில்லில் மேஸ்திரி என்போமே, அந்த ரகம். சட்டை மட்டும் இஸ்திரி போட்டது.

இன்டர்வியூவில் எனக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி மூவரும் ஒரே அளவில் சிரித்தார்கள். முதல் கேள்வி: "பழைய கணக்குப் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும்?"

இது கண்ணி, மாமா. மூன்று மாதம் என்றால், வேலை என்னவென்றே கேட்காமல் தேதி சொல்கிறவன் என்று ஆகிவிடும். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் வழுக்குகிறான் என்பார்கள். நான் முதலில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, மூன்று கணக்குச் சொன்னேன்: எல்லாம் கூடி வந்தால் இவ்வளவு, வழக்கமாக இவ்வளவு, எல்லாமே சொதப்பினால் இவ்வளவு. நடுக்கணக்கை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 1958இல் அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து விடும் ஏவுகணைக்காக உண்டாக்கிய முறை. அதற்கு 'பெர்ட்' என்று பெயர். நான் அதை ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸுக்குப் போட்டுக் காட்டினேன். ரோடு காலியாக இருந்தால் 20 நிமிடம், வழக்கமாக 30, ஆடிப்பூரத்தன்று 90. வகுத்தால் 38 சொச்சம். "ஆடிப்பூரம் என்றால் என்ன?" என்று நடுவில் இருந்த அம்மாள் கேட்டார். அங்கேதான் வண்டி ரோட்டை விட்டு இறங்கியது.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடும் ஆண்டாள் தேரைப் பற்றி ஆரம்பித்தால் நமக்கு நிறுத்தத் தெரியுமா? உங்கள் சின்ன வயசில் மரச்சக்கரத் தேர் நிலைக்கு வர நாள் கணக்காகும் என்பீர்களே, அதைச் சொன்னேன். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், பின்னாலிருந்து நெட்டித்தள்ள புல்டோசர் என்றும் சொன்னேன். கடைசியில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் அதுவரை பேசவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, தேர் தாமதம். இன்னும் நூறு பேர் தருகிறேன். எப்போது முடிப்பாய்?" என்றார்.

பாடப்புத்தகத்து விடை ஒன்று இருக்கிறது. ஐ.பி.எம்.மில் பெரிய வேலை ஒன்றை நடத்திச் சூடுபட்ட பிரெட் புரூக்ஸ் என்பவர் 1975இல் ஒரு புத்தகமே போட்டார்: தாமதமான வேலைக்கு ஆள் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று. வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க, இருக்கிறவன் வேலையை நிறுத்த வேண்டுமே. அந்த விடை மனப்பாடம். ஆனால் வாயில் வந்தது நீங்கள் சொன்னதுதான்: "வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவான். திருப்பத்துல சறுக்குக்கட்டை போடத் தெரிஞ்சவன் நாலு பேர்தான்." நேர் வீதியில் நூறு பேர் உதவும், வீதி முக்கில் அவர்களாலேயே ஆபத்து. நம் வேலை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது, நேர் வீதியிலா முக்கிலா என்று திருப்பிக் கேட்டேன். தாடிக்காரர் மறுபடி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அது என்னவாக இருக்கும் என்று யோசித்தே எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போனது.

அடுத்தது: தேதி மாறாது, பணம் கூடாது, ஆளும் கிடையாது, வேலை பாக்கி. என்ன செய்வாய்? சித்திரைப் பௌர்ணமிக்கு வைகையில் இறங்கும் அழகருக்கு ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போவதைச் சொன்னேன். சுமார் 75 கிலோமீட்டர். அழகர் காத்திருக்க மாட்டார். ஒரு வாரம் முன்னாடியே கட்டிவைத்தால் பூ வாடும். அப்படியானால் குறைக்க முடிவது மேளதாளத்தோடு வீதி சுற்றுகிற நேரத்தைத்தான். மாலையில் ஒரு பூ குறைக்க முடியாது. எது மாலை, எது மேளம் என்று முதல் நாளே முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்றேன்.

இதற்கிடையில் ஜன்னல் வழியே ஆப்பரா ஹவுஸ் தெரிந்தது. உரித்த ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கின மாதிரி, வெள்ளையாக. 1957இல் 70 லட்சம் டாலர் ஆகும், 1963இல் முடியும் என்றார்கள். 1973இல் திறந்தபோது 10 கோடியே 20 லட்சம் டாலர். லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டினார்கள். வரைந்த டென்மார்க்காரர் யோர்ன் உட்ஸான் 1966இல் மனம் கசந்து போனவர், கட்டி முடித்ததைக் கடைசிவரை வந்து பார்க்கவே இல்லை. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னிடம் தாமதம் பற்றிக் கேட்கிறார்கள். சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. வீட்டுத் தவணையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி எல்லா ஊரிலும் கேட்பது: "நீ திட்டம் போட்டுத் தோற்றது ஒன்று சொல்." இதற்கு "அதிகமாக உழைத்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களை நம்பக்கூடாது. நான் நீங்கள் கொடுத்துவிட்ட பால்கோவாவைச் சொன்னேன். காலையில் கிண்டியது, இரண்டு கிலோ, எண்ணெய்த்தாள் சுற்றி, டப்பாவுக்குள் டப்பா, சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம் என்று மணிக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தியாவிலிருந்து பால் பண்டம் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. மாட்டுக்கு வரும் கோமாரிக்குப் பயப்படுகிறார்கள். விமான நிலையத்தில் நானே சொன்னதால் அபராதம் இல்லை. அதிகாரி மரியாதையாக வாங்கி, மரியாதையாகத் தொட்டியில் போட்டார். மூன்று பேரும் முதல்முறையாக வெவ்வேறு அளவில் சிரித்தார்கள்.

"வியாழக்கிழமை முடிவு சொல்கிறோம்" என்று அனுப்பினார்கள். மூன்று வியாழன் போய்விட்டது, மாமா. நேற்று மின்னஞ்சல் வந்தது: உள்ளே சிலர் ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுக்கவும். கூடி வந்தால், வழக்கமாக, சொதப்பினால் என்று மூன்று தேதி கேட்டு எழுதப் போனேன். உங்கள் மகள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள்.

தேரோட்டத்தன்று வீடியோவில் காட்டுங்கள். அங்கே காலை எட்டு என்றால் எனக்கு மதியம் பன்னிரண்டரை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்

பி.கு.: அடுத்த மாதம் நம்ம தெருப் பையன் இங்கே படிக்க வருகிறான் என்று அத்தை சொன்னார்கள். அவனிடம் சாத்தூர் காராச்சேவு கொடுத்துவிடுங்கள். அதில் பால் கிடையாது. இந்தத் தடவை விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.