அடகுக்குப் போன உலகக் கோப்பை

டீக்கடைப் பொட்டலத்தில் பெயர் பார்த்திருப்பீர்களே, அந்த லிப்டனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து மேலே வந்த தாமஸ் லிப்டன், 1890-இல் இலங்கை மலையகத்துக்குப் போய்த் தேயிலைத் தோட்டங்களை வளைத்துப் போட்டார். அப்புத்தளைக்கு மேலே அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் இடத்துக்கு இன்றும் 'லிப்டன் சீட்' என்றுதான் பெயர். கீழே நாளெல்லாம் நின்று கொழுந்து பறித்த நம் சனத்தின் பெயரில் ஒரு முக்காலிகூடக் கிடையாது.

அவருக்கு ஒரே குறை. அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டிக்கு 'ஷாம்ராக்' என்று படகு மேல் படகாகக் கட்டி, மொத்தம் ஐந்து முறை மோதி, ஐந்து முறையும் தோற்றார். நமக்குத்தான் கோப்பை ராசி இல்லை, பிறத்தியாராவது வாங்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, 1909-இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்.

இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்து நல்ல அணிகள் வந்தன. இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. கடைசியில் அழைப்பு போய்ச் சேர்ந்த இடம், இங்கிலாந்தின் டரம் நிலக்கரிப் பகுதியில் உள்ள வெஸ்ட் ஆக்லாந்து. 'டபிள்யூ. ஏ.' என்ற எழுத்துகளைப் பார்த்து, உல்விச் ஆர்சனல் அணிக்குப் போக வேண்டிய கடிதம் இங்கே வந்துவிட்டது என்பது ஊர்க் கதை. ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனாலும், நார்தர்ன் லீக் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்த அணியை வேறு எந்தக் காரணத்துக்காகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளிகள். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. குழிக்குள் இறங்காத நாளுக்குக் கூலியும் கிடையாது. வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் சிலர் பயணத்துக்குப் பணம் புரட்டினார்கள் என்கிறார்கள். வீட்டுக்காரிகள் என்ன சொன்னார்கள் என்பதை எந்த வரலாறும் பதிவு செய்யவில்லை. வரலாற்றுக்கும் உயிர்ப்பயம் உண்டு.

போனார்கள். ஸ்டுட்கார்ட் அணியை 2-0, இறுதியில் வின்டர்தூரை 2-0. கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். 1911-இல் மறுபடி போய் சூரிச்சை 2-0 என்று வீழ்த்தி, இறுதி ஆட்டத்தில் யுவென்டஸை 6-1 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். அப்போதைய யுவென்டஸ் இப்போதைய யுவென்டஸ் அல்ல என்று சிலர் இழுப்பார்கள். அதற்கென்ன, அப்போதைய வெஸ்ட் ஆக்லாந்து மட்டும் என்ன கிழித்துக்கொண்டிருந்தது? இரண்டு தடவை வென்றதால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே என்றாயிற்று.

நிரந்தரம் என்பதெல்லாம் கடன்காரர் வருகிற வரைதான். பயணச் செலவில் கிளப் திவாலாகும் நிலைக்கு வந்தது. உள்ளூர் வீட்ஷீஃப் விடுதிக்கார அம்மாள் 40 பவுண்டு கொடுத்து, கோப்பையை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டார். ஐரோப்பாவே அசைக்க முடியாத அணியை விடுதிக் கல்லாப்பெட்டி சுருட்டிவிட்டது. கோப்பையை மீட்க 1960 ஆனது. கொடுத்தது 100 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதத் தனிவட்டி. நம்மூர்க் கந்துவட்டிக்காரர்கள் அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டக் கூடாது, பிழைப்பு கெட்டுவிடும்.

1982-இல் டென்னிஸ் வாட்டர்மேன் நடிக்க இதைத் தொலைக்காட்சிப் படமாகவும் எடுத்தார்கள். அதிலிருந்துதான் 'முதல் உலகக் கோப்பை எங்களுடையது' என்ற பேச்சு ஊரில் இன்னும் பலத்தது. 1930-இல் உருகுவேயில் நடந்ததுதான் முதல் போட்டி என்று ஃபிஃபா சொல்லும். வழக்கைத் தீர்க்கலாம் என்றால் 1994-இல் ஊர் கிளப்பிலிருந்து லிப்டன் கோப்பை களவு போனது. இப்போது இருப்பது நகல். ஃபிஃபாவின் பழைய உலகக் கோப்பையான ஜூல் ரிமே கோப்பையோ அதற்கு முன்பே, 1983-இல், பிரேசிலில் திருடுபோய்விட்டது. இரு தரப்பிடமும் சாட்சிப் பொருள் இல்லை.