கேள்வி – பதில்: தப்பான விடையோடு வாருங்கள்

கேள்வி: பி.எட். முடித்துவிட்டேன். நேர்காணலுக்கு எந்த நிறத்தில் சேலை கட்டிப் போனால் நல்லது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சாக்பீஸ் தூள் விழுந்தால் தெரியாத நிறம்.

கேள்வி: ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் அவர்கள் கையிலுள்ள விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. கடைசியாக நடத்திய பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: கற்பித்தல் பயிற்சியில் எழுதிய ரெக்கார்டு நோட்டுகள், சார்ட்டுகள், மாடல்கள் எல்லாவற்றையும் நேர்காணலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? (பி.எட். மாணவி, அரியலூர்)

பதில்: வேண்டாம். ரெக்கார்டு நோட்டின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்; அது இன்னும் தணியவில்லை. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014இல் கொண்டுவந்த விதிகளின்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் கழிக்க வேண்டும்; அதில் 16 வாரம் இரண்டாமாண்டில். படிப்பு முழுவதிலும் உண்மையான பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும் காலம் அதுதான். அது முடியும்போது கையில் மிஞ்சுவது என்ன? கோடு போட்டு, தலைப்புக்கு வண்ணம் தீட்டிய நோட்டு. அதில் ‘மாணவர் செயல்பாடு’ என்ற பத்தியைப் பாருங்கள். எல்லாப் பிள்ளையும் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே விடை சொல்லியிருக்கும். காரணம், அது வகுப்புக்கு முந்தின இரவு எழுதியது. மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அதில் ஒரு வரியும் கிடையாது.

நேர்காணலுக்கு ஒரே ஒரு தாள் போதும். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் சொன்ன தப்பான விடைகள் நாலைந்தை அதில் எழுதிக்கொண்டு போங்கள். 0.25, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 0.25 என்பார்கள் பலர். அது கவனக்குறைவு அல்ல. 25, 3-ஐவிடப் பெரியது என்ற விதி முழு எண்களில் அவர்களை ஒருநாளும் கைவிட்டதில்லை. அதையே இங்கேயும் நம்புகிறார்கள். ‘பூஜ்யம் புள்ளி இருபத்தைந்து’ என்று வாசித்து நாமும் அந்தத் தப்புக்குத் துணை போகிறோம். சின்ன வகுப்பில் முந்நூற்று நான்கு எழுதச் சொன்னால் 3004 என்று எழுதும் பிள்ளை வேறு ரகம். அது காதில் விழுந்தபடியே முதலில் 300 எழுதி, பக்கத்தில் 4 எழுதுகிறது. முதல் பிள்ளைக்கு நூறு கட்டம் போட்ட தாளில் முப்பது கட்டத்துக்கும் இருபத்தைந்து கட்டத்துக்கும் வண்ணம் அடிக்கக் கொடுக்க வேண்டும்; இரண்டாவது பிள்ளைக்கு நூறு, பத்து, ஒன்று என்று இடமதிப்பு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் காட்ட வேண்டும். தப்பு வேறு, மருந்தும் வேறு. கணிதம் மட்டும் படித்த பட்டதாரிக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும் என்றால், 16 வாரம் வீண்போகவில்லை.

இதை என் சொந்த அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. பாட அறிவு வேறு, அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் எங்கே எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்ற அறிவு வேறு. இரண்டாவதுதான் ஆசிரியருக்கே உரியது என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் வாதாடினார். 2013இல் ஃபிலிப் சாட்லரும் அவர் குழுவினரும் அமெரிக்க நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் 181 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை எது, மாணவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்போகும் தப்பான விடை எது என்று ஆசிரியர்களையே குறிக்கச் சொன்னார்கள். தவறான எண்ணம் வேரூன்றியிருந்த கேள்விகளில், இரண்டையும் சரியாகச் சொன்ன ஆசிரியர்களின் மாணவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்தப் பலன் குறைவாகவே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். தப்பைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதே அதற்கு அர்த்தம்.

கேள்வி: பிள்ளைகளின் தப்புகளை எடுத்துக் காட்டினால், ‘இவர் ஒழுங்காக நடத்தவில்லை’ என்று முதல்வர் நினைக்க மாட்டாரா? டெமோ வகுப்பிலோ பிள்ளைகளே இல்லை. கரஸ்பாண்டென்ட்டும் முதல்வரும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். (வாசகர், நாமக்கல்)

பதில்: இரண்டும் நியாயமான சந்தேகங்கள். தப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் அப்படித்தான் நினைப்பார். தப்பு, அதன் காரணம், நீங்கள் செய்தது, அதற்குப் பிறகும் புரியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னதை மறைக்காதீர்கள். நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது என்பவரைவிட ஆறு பேருக்கு இன்னும் புரியவில்லை என்பவரே நம்பத் தகுந்தவர். தினமும் வகுப்பறையைப் பார்க்கும் முதல்வருக்கு இது தெரியாமல் இருக்காது. டெமோவைப் பொறுத்தவரை, மைக்ரோ டீச்சிங்கில் சக மாணவிகள் பிள்ளைகளாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி உங்களைக் கரையேற்றினார்கள் அல்லவா? கரஸ்பாண்டென்ட்டும் அதைத்தான் செய்வார். அவர் சரியான விடை சொன்னதும், ‘இந்த இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொல்லுவான்’ என்று தப்பான விடையைப் பலகையில் நீங்களே எழுதி, அதிலிருந்து பாடத்தைத் தொடருங்கள். பத்து நிமிட டெமோவில் பாடம் முடியாவிட்டால் போகட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் வராத பிள்ளையை உங்களால் வகுப்புக்குள் கொண்டுவர முடியும். மனப்பாடம் செய்த பாடத்தால் அது ஆகாது.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக வராது. வேலை கிடைக்குமா? (வாசகி, தர்மபுரி)

பதில்: தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு வாசியுங்கள்; மூன்றே மாதத்தில் தீரக்கூடிய குறைக்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற்றேன். இன்றுவரை அரசு வேலை இல்லை. அரசுப் பணிக்கு நேர்காணலே இல்லாதபோது நீங்கள் சொல்வதால் எனக்கு என்ன பயன்? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 150க்கு 90 எடுத்தால் தகுதி என்றார்கள், எடுத்தீர்கள். 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணை, பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதச் சொன்னது. காத்திருந்தவர்களின் வயது ஏறியதற்கு அந்த ஆணையில் ஆறுதல் இல்லை. ஆனால் நேர்காணல் வைக்காததை நான் குறை சொல்லமாட்டேன். சிபாரிசும் பணமும் உள்ளே நுழையாதபடி ஒரு கதவை அடைத்திருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பட்டதாரிக்கு அது பெரிய பாதுகாப்பு. நான் கேட்பது வேறு. அந்தப் போட்டித் தேர்வுத் தாளிலேயே ஒரு பிள்ளை செய்த தப்பான கணக்கைக் கொடுத்து, ‘இவள் என்ன நினைத்து இப்படிச் செய்தாள்?’ என்று கேட்கலாம். நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே அதைக் கேட்க முடியும். திருத்துவதற்கும் தனிச் செலவில்லை. இப்படிப் பத்து கேள்விகள் வந்தால், பத்தாண்டாக டியூஷன் எடுத்துப் பிழைக்கும் உங்களைப் போன்றவர்கள் முன்னால் வருவீர்கள். வர வேண்டும்.

கேள்வி: கடைசியில் ‘நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். சம்பளத்தைக் கேட்கலாமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: கூசாமல் கேளுங்கள். கூடவே, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், நோட்டுத் திருத்த நேரம் உண்டா என்றும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று வைத்தபோது பாடத்துக்குத் தயாராகும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்தது. ஒரு பீரியட்கூட ஓய்வு இல்லை என்று பதில் வந்தால், பிள்ளைகளின் நோட்டை நான் எப்போது பார்ப்பது என்று அவர்களையே கேளுங்கள்.