நாடித்துடிப்பும் நனைந்த ஆல்பமும்

கே: நான் எத்தனை அடி நடந்தேன் என்று என் ஃபிட்னஸ் வாட்ச் கணக்கு வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?
– வாசகர், திருச்சி

ப: எங்கே நடந்தீர்கள், எத்தனை மணிக்கு நடந்தீர்கள் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறதே! ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக்கி 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. இரண்டு மாதம் கழித்து நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், இருட்டாகக் கிடந்த நிலத்தின் நடுவே சின்னச் சின்ன வெளிச்ச வளையங்கள். ராணுவ முகாம்கள்! சிப்பாய்கள் உடற்பயிற்சிக்காக முகாமைச் சுற்றி ஓட, கைக்கடிகாரம் எல்லைக்கோட்டை வரைந்து கொடுத்துவிட்டது. 2018 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத் தலைமை, களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளுக்குத் தடை போட்டது. உங்கள் நடை தொடங்குவதும் முடிவதும் உங்கள் வீட்டு வாசலில். அதை ஊருக்கே காட்டினால், வீடு பூட்டியிருக்கும் நேரமும் சேர்ந்து தெரியும்.

கே: மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் ஏன் பயப்பட வேண்டும்?
– வாசகர், தேனி

ப: குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறீர்களே, குற்றம் செய்யவா? அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கே: பூகம்பம், புயல் நேரத்தில் இந்தக் கருவிகளால் பயன் உண்டா?
– வாசகி, கடலூர்

ப: உண்டு. கீழே விழுந்தால் உறவினருக்குத் தகவல் அனுப்பும் வசதி உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் இதையும் கேளுங்கள். 2014 ஆகஸ்ட் 24, அதிகாலை 3.20. கலிஃபோர்னியாவின் நாபா பகுதியில் 6 என்ற அளவில் நிலம் குலுங்கியது. ஜாபோன் நிறுவனத்தின் கைப்பட்டை அணிந்து தூங்கியவர்களில், மையத்துக்கு அருகில் இருந்த ஊர்களில் நூற்றுக்கு 93 பேர் அந்த நொடியில் விழித்துக்கொண்டார்கள். 15 மைலுக்குள் இருந்தவர்களில் 45 சதவீதம் பேர் விடியும் வரை மறுபடி தூங்கவே இல்லை. நிறுவனமே வரைபடம் போட்டு வெளியிட்டது. ஆய்வாளர்களுக்கு அது அரிய தகவல், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் ஓர் ஊரே நடுங்கியதைப் பிரசுரிக்கலாமா என்று அந்த மக்களிடம் தனியாக யார் கேட்டார்கள்? அத்தனை பேரின் தூக்கத்தையும் குறித்து வைத்திருந்த அந்த நிறுவனம் 2017-ல் கடையையே மூடிவிட்டது. நிறுவனங்கள் மூடும், கைமாறும். இதே மாதிரிக் கைப்பட்டை விற்ற ஃபிட்பிட் நிறுவனத்தை 210 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியபோது, ஐரோப்பியப் பயனாளர்களின் உடல்நல விவரத்தைப் பத்தாண்டுகள் விளம்பரத்துக்குத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது. அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

கே: ஆபீசில் இலவசமாக ஃபிட்னஸ் வாட்ச் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

ப: என் தூக்கக் கணக்கு மேலாளர் மேஜைக்குப் போகுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அது டப்பாவிலேயே இருக்கட்டும்.

கே: 2015 சென்னை வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆள் உயரத் தண்ணீர். அம்மாவின் ஒரே போட்டோ போய்விட்டது. “போட்டோதானே” என்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.
– வாசகி, சைதாப்பேட்டை

ப: ஆறாதம்மா. ஃப்ரிட்ஜையும் கட்டிலையும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழுக்கு நகல் தர அன்று முகாம் போட்டார்கள். அம்மா முகத்துக்கு நகல் கொடுக்க எந்தக் கவுன்டரும் இல்லை. “போட்டோதானே” என்பவர்களுக்கு அந்த இழப்பு நேரவில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு யமமோட்டோ என்ற சிற்றூரில் சேற்றிலிருந்து சுமார் ஏழரை லட்சம் போட்டோக்களைச் சேகரித்தார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சேறு போகத் துடைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ள வைத்தார்கள்.

நீங்களும் தேடுங்கள். அம்மா யார் யார் கல்யாணத்துக்குப் போயிருப்பார்? சித்தி வீட்டு ஆல்பம், பக்கத்து வீட்டு வளைகாப்பு, தாய்மாமன் மகளின் காதுகுத்து... பந்தியில் உட்கார்ந்தபடியோ, மணமேடையில் கடைசி வரிசையிலோ ஒரு முகம் அகப்படலாம். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேளுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைக் காய்ந்தபின் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் உலர்த்துங்கள்.

கே: போட்டோவை கிளவுடில் ஏற்று என்கிறார்கள், வாட்ச் விவரத்தைக் கொடுக்காதே என்கிறார்கள். இது முரண் இல்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: இல்லை. போட்டோவை நீங்கள் தெரிந்து ஏற்றுகிறீர்கள். நாடித்துடிப்பு உங்களுக்குத் தெரியாமலே போகிறது. என்னைப் பற்றிய பதிவு எங்கே இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ய வேண்டும். என் கோரிக்கை அவ்வளவே.

கே: இன்றைக்கே செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, தூத்துக்குடி

ப: வாட்ச் செயலியைத் திறந்து, உங்கள் பக்கத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பாதையை மறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். பழைய வாட்ச்சை விற்கும் முன் கணக்கையே அழித்துவிடுங்கள். அப்புறம், பழைய படங்களை போனில் எடுத்து, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு உறவினர்களுக்கு அனுப்புங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பீரோவின் அடித்தட்டில் இருக்கும் ஆல்பத்தை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.